நாகநாதனைத் துரத்துகிறார்கள்

"என் வயல்ல செங்கொடி நட்டுட்டு ஓடின நாகநாதனைப் பிடிக்க இன்னும் எத்தனை மாசமாகும்?" மிராசுதார் தியாகேசன் இன்ஸ்பெக்டரிடம் பொருமினார்.

"தினமும் விடியக்காலையில நாலு போலீஸ்காரங்க ஆத்தங்கரையில துரத்துறாங்க. கிட்டவே நெருங்க முடியலைங்க."

"அவங்க தெம்புக்குத்தானே பாலும் முட்டையும் அனுப்புறேன்? தின்னுட்டுத் தூங்குறாங்களா?" கறவை மாடுகளே இளைத்துப்போன வயிற்றெரிச்சல் அவருக்கு.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "அதையெல்லாம் நாகநாதனுக்குத்தாங்க கொடுக்குறோம்."

"என்னது?"

"அடுத்த வாரம் மெட்ராஸ்ல மாநில மாரத்தான். நம்ம மாவட்டத்துக்காக அவன்தான் ஓடுறான். பின்னாடி போலீஸ் வந்தாத்தான் அவனுக்கு வேகமே வருது."

மிராசுதார் விடவில்லை. "சரி, ஓடி முடிச்சதும் பிடிச்சிடுவீங்கல்ல?"

"எப்படிங்க? ஜெயிச்சா போலீஸ் வேலைன்னு மந்திரியே சொல்லிட்டாரு. இனிமே யாராச்சும் உங்க வயல்ல கொடி நட்டா, துரத்திப் பிடிக்க அவனைத்தான் அனுப்பப்போறோம்."