பாதியில் பிடுங்கியது

இந்தக் கதையில் வயிறு வலிக்க ஒரு சிரிப்பு உண்டு. கொஞ்சம் பொறுங்கள், அஜித் இப்போதுதான் மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறான்.

கையில் நண்பனின் ஃபோன். கீழே, ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், அக்கா பவித்ரா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கினாலும் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கக் கூடாது. அதற்கு நிரல் எழுதுவதுதான் அவள் வேலை. ரெண்டு மாசமாகப் பிடுங்கிப் பார்க்கிறாள். ரெண்டு மாசமாக உறைகிறது. அப்போது அவள் போடும் "ஐயோ" இருக்கிறதே, அதைக் கேட்க அஜித்துக்கு அவ்வளவு ஆசை.

தொண்டையைச் செருமினான். அக்காவின் மேனேஜர் ஆனான்.

"பவித்ரா? சகாயநாதன் பேசறேன்மா. வேற நம்பர்தான். கஸ்டமர் எல்லாம் பக்கத்துல உக்காந்திருக்காங்க. பென்டிரைவைப் பிடுங்கிட்டு என்ன ஆகுதுன்னு சொல்லு."

"சார்… இதுல இருக்கறது டெஸ்ட் பென்டிரைவ் இல்ல சார். ரெண்டே நிமிஷம் குடுங்க, முடிஞ்சிரும்…"

"காரணம் சொல்லாதம்மா! பிடுங்கு!"

காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "ஐயோ" வரவில்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே ஓடினான். பவித்ரா அழுதுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, மறுபடியும் நின்னுபோச்சா?"

"நிக்கலடா. முதல் தடவையா நிக்கல. நான் எழுதினது சரியா வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் அழற?"

"அது உன் பென்டிரைவ்டா. நாளைக்கு மிமிக்ரி போட்டிக்கு அனுப்பணும்னியே… நீ ரெக்கார்ட் பண்ணினது எல்லாத்துலயும் ஒரே ஃபேன் இரைச்சல். அதை எடுத்துட்டு, லேப்டாப்ல காப்பி வெக்காம, திரும்ப அதுலயே நகர்த்திக்கிட்டிருந்தேன். கம்ப்யூட்டர் பொழைச்சுது. பாதியில போனது போனதுதான், ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. சார் அவ்வளவு அவசரப்படுத்தினாருடா… என்னை மன்னிச்சிரு."

மூணு மாச உழைப்பு. அஜித்துக்கு எந்தக் குரலும் வரவில்லை. சொந்தக் குரல்கூட.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் நகர்த்தாம லேப்டாப்ல மிஞ்சியிருக்கு. இன்னும் கேக்கல. இதையாவது அனுப்புடா."

அவனுக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது.

"வேணாம்க்கா, விட்டுடு…"

அவள் அதற்குள் தட்டிவிட்டாள்.

"பவித்ரா? சகாயநாதன் பேசறேன்மா. காரணம் சொல்லாதம்மா!"

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

லேப்டாப்பில் அஜித் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.