மூணாவது படம்தான் உசத்தி

“மூணாவது படத்த மிஞ்ச இனி ஒரு படம் பொறந்துதாம்லே வரணும்!” டீ கிளாசைப் பெஞ்சில் ஓங்கி வைத்தான் செபாஸ்டின்.

“மெதுவாலே! படத்துக்காக என் கிளாச உடைச்சிராத,” என்றார் கடைக்காரர் நயினார் அண்ணாச்சி.

பழைய துறைமுகத்துக்கு எதிரே இருந்தது கடை. தோணியில் உப்பு மூட்டை ஏற்றிவிட்டு, வேர்வை காயாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள் செபாஸ்டினும் பவுலும். ‘இன்ஸ்பெக்டர் மார்த்தாண்டன்’ படங்கள் இதுவரை மூன்று வந்துவிட்டன. எது உசத்தி என்பதில்தான் சண்டை.

“முதப்படத்துல தனி ஆளா லாஞ்சுல ஏறி, கடத்தல்காரன் அத்தன பேரையும் கடல்ல தள்ளுவாம்லா? அதுக்கு ஈடு உண்டாலே?” என்றான் பவுல்.

“சண்டைய எவனும் போடுவான்,” என்றார் அண்ணாச்சி. “ரெண்டாவதுல கூடப்பொறந்த தம்பி கையிலயே விலங்க மாட்டுதான் பாரு, அப்ப எனக்கே கண்ணு கலங்கிட்டு.”

“ரெண்டு பேருக்கும் ரசனையே கெடையாது,” என்றான் செபாஸ்டின். “மூணாவதுல மார்த்தாண்டன் மேலயே கொலப்பழி. ஊரே காறித் துப்புது. கோர்ட்டுல ஜட்ஜு பேனாவ எடுத்துட்டாரு. அந்நேரம் பின்னால கதவு தொறக்கு. தலையில கட்டோட ஒரு மீன்காரன். ‘ஐயா, நான் பாத்தேன்யா’ங்கான்!”

எழுந்து நின்று, கையைக் கூப்பி, குரல் தழுதழுக்க அவன் அதைச் சொன்னபோது பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் கை தட்டினார்கள்.

கூட்டாளி ரோச்சின் நினைப்பில் பவுலின் முகம் மட்டும் சட்டென்று வாடியது. “ரோச் இருந்தாம்னா இந்நேரம் உன்கூடச் சேந்து கத்திட்டு இருப்பான். பாவம், போலீசு பிடிச்சிட்டுப் போயி மூணு நாளாச்சு...”

“விசாரிச்சிட்டு விட்ருவாவலே. நீ அந்த லாஞ்சுச் சண்டையச் சொல்லு,” என்று பேச்சை மாற்றினான் செபாஸ்டின்.

“என்னத்த விடுவாவ?” என்றார் அண்ணாச்சி. “எமர்ஜென்சி முடிஞ்சி வருசம் ஒண்ணாச்சு. இன்னமும் ஸ்டேசனுக்குள்ள போனவன் முழுசா வாரானா?”

சனிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் யாரோ வாட்ச்மேனைப் பின்னாலிருந்து அடித்துப் போட்டுவிட்டு, நாலு மூட்டை கிராம்பைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் ரோச் அந்த வாட்ச்மேனோடு சத்தம் போட்டிருந்தான். போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்போதுதான் ரோச்சின் அம்மா ஞானபாய் கடைக்குள் வந்தாள். வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்பு. கால்களில் செருப்பு இல்லை.

“யய்யா செபாஸ்டின், உன்னயத்தான் தேடி வாரேன்.”

“உக்காருங்க மாமி,” என்று இடம் விட்டான் பவுல். அவள் உட்காரவில்லை.

“காலையில வாட்ச்மேன் செத்துப் போனாராம். இனிமே கொலக்கேசுங்காவ.” அவள் செபாஸ்டினின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சனிக்கிழம சாயங்காலம் உன்கூட அந்தப் புது மார்த்தாண்டன் படத்துக்குப் போனேன்னு எம்புள்ள சொல்லுதான். போலீசு நம்பல. சாட்சி இருந்தாக் கூட்டிட்டு வாங்கன்னாவ. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுய்யா. எம்புள்ள முகத்தப் பாக்க முடியல. உதடெல்லாம் கிழிஞ்சி கெடக்கு.”

செபாஸ்டின் மறு கையால் டீ கிளாசைத் தள்ளி வைத்தான்.

“எந்திலே,” என்று அவன் முதுகில் தட்டினான் பவுல். “நானும் கூட வாரேன்.”

“நான்... நான் எதுக்கு?”

“எதுக்கா? நீயும் அவனும் சேந்துதானலே படத்துக்குப் போனீய?”

செபாஸ்டின் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். “நான் அந்தப் படத்தப் பாக்கவே இல்ல மாமி.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அண்ணாச்சி கவனிக்கவில்லை.

“ஏலே,” என்றான் பவுல். “இப்பத்தானலே கோர்ட்டு சீன நடிச்சிக் காமிச்ச?”

“அது ரோச் சொன்ன கத. ஞாயித்துக்கெழம கோயில் விட்டு வரும்போது முழுக் கதையும் சொன்னான். அதத்தான் இங்கன சொன்னேன்.”

ஞானபாய் அவன் காலில் விழப்போனாள். பவுல் பாய்ந்து தாங்கிப் பிடித்தான்.

“உசுருக்குப் பயந்தவன்கிட்ட கெஞ்சாதீய மாமி. வாங்க, தியேட்டருல டிக்கெட்டு கிழிச்சவனக் கேப்போம். அவனாவது மனுசனா இருக்கானா பாப்போம்.” வாசலில் நின்று திரும்பினான். “இன்னொரு தடவ மார்த்தாண்டன் பேர உன் வாயால சொல்லிராதலே. சொன்னா நாக்க அறுத்துருவேன்.”

கிழிந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஞானபாய் அவன் பின்னால் போனாள்.

அண்ணாச்சி செபாஸ்டினின் டீயை எடுத்து, பாதிக்கு மேல் மிச்சமிருந்ததைத் தெருவில் ஊற்றினார். “பொய் சொல்லுததுக்கும் ஒரு அளவு உண்டுலே. எந்திரிச்சிப் போ.”

செபாஸ்டின் எழுந்தான். கோழை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஏனென்றால் படத்தைப் பார்க்கவில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை; வயிற்று வலி என்று ரோச்சிடம் சொல்லிவிட்டு, படம் தொடங்கியதுமே எழுந்து வெளியே போன செபாஸ்டின், இடைவேளைக்கு மணி அடித்தபோது கிட்டங்கிக்குள் நாலாவது மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான்.