எழுபது கிலோ

புது விமானங்களில் ஜன்னலே கிடையாது. சுவரெல்லாம் திரை, கேட்கிற மேகம் அதில் வரும். நிஜ மேகத்தைப் பார்த்தே தீருவது என்று கயத்தாறு ஊரில் இன்னும் பறக்கும், ஜன்னல் வைத்த பழைய சிறு விமானத்தில் இரண்டு இடம் பதிந்து வைத்த செல்வின், போன மாதம் இறந்துபோனார். அவர் மனைவி ஜெபராணி மட்டும் வந்தாள்.

"ஒத்த ஆளா ஏத்துனா ஒருபக்கமா சாஞ்சிரும்மா," என்றார் விமானி. "ஐயா எடைக்கு மணல்மூட்டை வைக்கணும். எத்தனை கிலோ இருந்தாங்க?"

"எழுபது. கடைசியில நாப்பதுதான்."

"எதை வைக்க?"

"எழுபதே வைங்க."

மூட்டைக்கு அவளே பெல்ட் மாட்டினாள். மேகத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடி நனைந்தது. "இங்க பாருங்களேன்!" என்று பழக்கத்தில் முழங்கையால் இடித்தாள்.

முழங்கை பதிந்த குழி, தரையிறங்கும்வரை மணலில் அப்படியே இருந்தது.