கெண்டியை ஏந்தியவள்

பழைய மாளிகையொன்று அருங்காட்சியகமாகியிருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெள்ளிக் கெண்டிக்குப் பக்கத்தில், ஒருநாள் துருப்பிடித்த இரும்பு வளையம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"நீ என்ன நகை?" என்று கெண்டி ஆவலாகக் கேட்டது.

"நகையில்லை, அடிமைகளுக்குப் பூட்டும் கால்விலங்கு. நானும் இந்த வீடுதான்."

"உன்னை நான் பார்த்ததே இல்லையே!"

"நீ மேசைமேல் இருந்தாய். தினமும் உன்னை ஏந்திவந்தவளின் காலில் நான் இருந்தேன். ஒருமுறை தப்பி ஓடினாள் என்று பூட்டினார்கள்."

கெண்டிக்கு அந்த விரல்கள் நினைவிருந்தன. சூடு பட்டாலும் அவை நடுங்கியதில்லை. "அவள் பேர் என்ன?"

"செம்பாயி."

அப்போது வழிகாட்டி சவரிராயன் பார்வையாளர்களோடு வந்தார். "இந்தக் கெண்டியிலிருந்து ஊற்றிய தேநீரைத்தான் இந்த வீட்டுத் துரை குடிப்பாராம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரு பெண்மணி மட்டும் நகரவில்லை.

"ஊற்றிக் கொடுத்தது யாருங்க?"

சவரிராயன் திரும்பி வந்தார். கெண்டியையும் விலங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செம்பாயி!" என்று கெண்டி கத்தியது. கண்ணாடியைத் தாண்டி அது கேட்கவில்லை.

"தெரியலைம்மா. இத்தனை வருஷத்தில் நான் யாரையும் கேட்டதில்லை" என்றார் அவர்.

அடுத்த கூட்டம் வந்தபோது அவர் துரையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முதலில் விலங்கின் முன்னால் போய் நின்றார்.