பிடி

சூடாக இருக்கும்போது யார் பிடிக்கிறார்களோ, அவர்களுடைய பிடி உலோகத்தைக் கண்ணாடிபோல உறையவைத்துச் செய்த அந்தக் கையடக்கக் கட்டையில் தங்கிவிடும். ஆறிய பிறகு யார் தொட்டாலும் அதே இறுக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். கோகிலவாணியிடம் இருந்தது, இறந்துபோன கணவர் சென்னியப்பன் ஆஸ்பத்திரியில் பிடித்த கட்டை. கட்டைவிரல் மட்டும் சற்று அதிகமாக அழுத்தும். கல்யாணத்தன்று கைப்பிடித்தபோதும் அப்படித்தான் அழுத்தினார்.

பிடி தளர ஆரம்பித்ததும் அதை விற்ற காந்திபுரத்துக் கடைக்கு ஓடினாள்.

கடைப்பெண் பெனாசிர் அதைத் தொட்டுப் பார்த்தாள். “பாக்கறதுக்குத்தான் கெட்டியா இருக்குதுங்க்கா. உள்ள அணுவெல்லாம் எடம் மாறிட்டேதான் இருக்கும். சூடு பட்டா இன்னும் வேகமா ஓடும். எங்க வெச்சிருந்தீங்க?”

“அவரு போட்டோ முன்னால, வெளக்குப் பக்கத்துல.”

“தெனமும் பத்த வெப்பீங்களா?”

“அணையவே விட்டதில்ல கண்ணு.”

பெனாசிர் தயங்கினாள். “வேணும்னா சூடு பண்ணித் தர்றேன். வேற யாராச்சும் புடிச்சுக் குடுக்கலாம்.”

கோகிலவாணி கட்டையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். “மிச்சமிருக்கறதக் காப்பாத்த வழி சொல்லு.”

“குளுந்த எடத்துல வெச்சா மெதுவாத்தான் போகும்க்கா.”

வீட்டுக்கு வந்ததும் ஒரு பூவை எடுத்து விளக்கைக் குளிர வைத்தாள். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள். கட்டையை உள்ளே வைக்கப் போன கை நின்றது.

மார்கழியில் ஃபேன் போட்டாலே சண்டைக்கு வருகிற மனிதர்.

பீரோவிலிருந்து அவருடைய மப்ளரை எடுத்துக் கட்டையைச் சுற்றி, உள்ளே வைத்து, அதன் பிறகுதான் கதவைச் சாத்தினாள்.