மூன்றாவது தலை

“ஏம்ப்பா, ராஜா கழுத்துல மட்டும் கோடு இருக்கு?” சிலையைக் காட்டி மகள் ஒருமுறை கேட்டாள்.

“உடம்பு பழைய ராஜாவோடதும்மா. தலையை மட்டும் மாத்துவோம்” என்றார் சிற்பி டெர்டியுஸ்.

இப்போது மூன்றாவது தலை. புதுச் சக்கரவர்த்தியை அந்த ஊரில் எவரும் பார்த்ததில்லை.

“ஏழைங்களுக்கு ரொட்டி கொடுத்த முகமா இருக்கணும். இல்லேன்னா உன் தலையையும் மாத்திடுவேன்!” என்று மிரட்டினார் அதிகாரி லாபியோ.

திறப்பு விழாவில் லாபியோ சாம்பிராணி போட்டு, சிலைமுன் மண்டியிட்டார். “அடடா, என்ன கருணை! அச்சு அசல் சக்கரவர்த்தியேதான்!”

“நீங்க அவரைப் பாத்திருக்கீங்களா, ஐயா?” என்று கேட்டார் டெர்டியுஸ்.

“பாக்கணுமாய்யா? முகமே சொல்லுதே!”

கூட்டம் கலைந்தபின், டெர்டியுஸ் சிலையின் காலடியில் ஒரு ரொட்டியை வைத்தார்.

பஞ்சத்தில் தன் பங்கு ரொட்டியைச் சிற்பியின் மகளுக்குக் கொடுத்துக் கொடுத்தே செத்துப்போன மோடெஸ்துஸின் முகம் அது. லாபியோ வீட்டில் பத்து வருடம் உழைத்த அடிமை. எஜமானர் ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்திராத முகம்.