மிஞ்சிய நட்டு

கம்பவுண்டர் கோவிந்தன் வாசலில் மண்டியிட்டு, காலையில் தானே பிரித்துப்போட்ட மோட்டார் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கிறான். மெக்கானிக் வேண்டுமென்றால் சேலம் போகவேண்டும். கேழ்வரகு புடைக்கும் முறத்தில் நட்டுகளும் போல்ட்டுகளும் வெயிலில் மினுங்குகின்றன. மண்ணெண்ணெய் வாடைக்குக் கோழிகள்கூட அண்டவில்லை. விடியலில் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த காளியன் வேப்பமரத்தடியில் உட்காருகிறான், எழுகிறான், மலையைப் பார்க்கிறான். அவன் மகளுக்கு நாலு நாளாய் மலைக்காய்ச்சல். கோவிந்தன் வந்துதான் ஊசி போடவேண்டும். “நடந்தே போயிரலாமுங்களா?” “அட, செத்த இரு காளியா. வண்டி கெளம்புனா அரை மணியில அடிவாரம்.” மூன்றாவது முறையாக இதைச் சொல்கிறான். நிழல் காளியனை விட்டுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. கோவிந்தன் மிதிக்கிறான், வண்டி இருமி அடங்குகிறது. மறுபடி மிதிக்கிறான். பத்தாவது மிதியில் அது ஸ்டாண்டில் நின்றபடியே உறுமுகிறது; ஜன்னல் கம்பிகள் அதிர்கின்றன, யுத்தகால ரேஷன் கூப்பனில் வாங்கிய பெட்ரோல் நீலப் புகையாய்ச் சுருள்கிறது. கரி அப்பிய முகத்தோடு கோவிந்தன் சிரிக்கிறான். காளியன் முறத்தருகே குனிந்து, பெரிய நட்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறான். “இது மிஞ்சிப்போச்சுங்க.” கோவிந்தன் நட்டைப் பார்க்கிறான், முன்சக்கரத்தைப் பார்க்கிறான். அதற்குள் காளியன் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். கோவிந்தன் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடுகிறான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவன் மனைவி ஜானகியம்மாள், ஆளில்லாமல் வாசலில் குதிக்கும் வண்டியைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். “ஏனுங்க, இதை எப்பிடி நிறுத்தறது?” என்று கத்துகிறாள். வண்டிதான் பதிலுக்கு உறுமுகிறது.